முதலில் சருகு, அப்புறம் தொட்டி: வடசென்னைக் கடலோரக் குடியிருப்புகளுக்கு மூடிய முறை உரத் தயாரிப்பு

சமையலறைக் கழிவை மூடிய தொட்டியில் மக்கவைத்து உரம் தயாரிக்க நினைக்கும் குடியிருப்புகள் எல்லாம் முதலில் கேட்கும் கேள்வி, "எந்த மெஷின் வாங்கலாம்?" என்பதுதான். கேட்க வேண்டியதோ வேறு: ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதத்துக்கும் போதுமான காய்ந்த சருகு கையில் இருக்கிறதா? இருந்தால் ஹாலோ பிளாக்கில் கட்டிய சாதாரணத் தொட்டியிலேயே நல்ல உரம் வரும். இல்லையென்றால் லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய இயந்திரமும் நாறத்தான் செய்யும்.

எண்ணூர், திருவொற்றியூர், காசிமேடு பக்கத்துக் குப்பங்கள், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி அடுக்குமாடிகள், காட்டுப்பள்ளி மாதிரி தண்ணீர் சூழ்ந்த ஊர்கள் ஆகியவற்றை மனதில் வைத்து, சுமார் 60 வீடுகளுக்கான கணக்கோடு இதை எழுதுகிறேன். வீடு கூடக் குறைய இருந்தால் அதே விகிதத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

மூடிய முறை எதற்கு

தோட்டமும் இடமும் உள்ள கிராமத்தில் இதெல்லாம் தேவையே இல்லை. மூலையில் ஒரு குழி தோண்டிக் கொட்டினால் போதும். நம் பக்கத்தில் அது நடக்காது. காட்டுப்பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள்: கிழக்கே வங்கக் கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழியும், தெற்கே எண்ணூர் முகத்துவாரம், வடக்கே பழவேற்காடு. நான்கு பக்கமும் நீர் என்பதால் குப்பையை வெளியே அனுப்புவதும் செலவு, உள்ளே வைத்துக்கொள்வதும் சிக்கல். மணல் தரை. கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வரும். திறந்த குழியில் ஊறும் சாறு மணலில் இறங்கி நேரே கிணற்று நீரில் கலந்துவிடும்.

நகரத்துக்குள் இருப்பவர்களுக்கு இடம்தான் தட்டுப்பாடு. வெளியே அனுப்பினால் எங்கே போகிறது என்பதும் நமக்குத் தெரிந்ததுதான்: 340 ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கும் கொடுங்கையூர் கிடங்கு. அங்கிருந்து வரும் புகையையும் நாற்றத்தையும் அனுபவிப்பது வடசென்னைதான். 2016-ம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், நாளைக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை போடும் இடங்களைப் பெருங்கழிவு உற்பத்தியாளர் என்று வகைப்படுத்தின. 60 வீட்டுக் குடியிருப்பு பெரும்பாலும் அந்த 100 கிலோவை எட்டாது. அதனால் பெருங்கழிவு உற்பத்தியாளர் என்று யாரும் நம்மிடம் வந்து நிற்க மாட்டார்கள். நாமாக ஆரம்பித்தால்தான் உண்டு.

மூன்றாவது காரணம் பெருச்சாளி. மீன் வெட்டும் ஊரில் பெருச்சாளி, தெருநாய், பூனை, காக்கை எல்லாவற்றுக்கும் துணிச்சல் கொஞ்சம் அதிகம். திறந்து கிடக்கும் உணவுக் கழிவு ஒரு ராத்திரிகூடத் தாங்காது.

ஆனால் ஒன்று. மூடுவது எலிக்கும் மழைக்கும்தான், காற்றுக்கு அல்ல. காற்றுப் போகாமல் இறுக்க மூடிய டிரம்மில் நடப்பது அழுகல், உரமாதல் இல்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் மூடி போட்ட தொட்டிகள்தான் அக்கம்பக்கத்தில் சண்டை இழுத்துவிடுகின்றன.

ஒரு வாரம் எடை போடுங்கள்

எதையும் கட்டுவதற்கு முன் ஏழு நாள், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து, ஈரக்குப்பையை நிறுத்துப் பாருங்கள். மீன்கடையில் இருக்கும் தொங்கு தராசு போதும். ஞாயிறு கட்டாயம் வேண்டும். அன்றைக்கு எலும்பும் மீன் செதிலும் வரும், எடையே மாறிவிடும்.

நான்கு பேர் உள்ள வீட்டில் நாளைக்கு அரை கிலோ முதல் முக்கால் கிலோ வரை ஈரக்குப்பை வரும் என்று வைத்தால், 60 வீட்டுக்கு ஏறக்குறைய 40 கிலோ. இந்த 40 கிலோவுக்கு எவ்வளவு சருகு வேண்டும் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். மொத்த வேலையும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

உரமாக்கும் நுண்ணுயிர்களுக்குக் கார்பன் 25 முதல் 30 பங்கு, நைட்ரஜன் ஒரு பங்கு என்று கிடைத்தால் வேலை சுறுசுறுப்பாக நடக்கும். ஈரம் 50 முதல் 60 சதவீதம் இருக்க வேண்டும். நம் சமையலறைக் கழிவில் முக்கால்வாசி தண்ணீர். ஆக 40 கிலோவில் உலர்ந்த பொருள் 10 கிலோதான். அதில் கார்பன் நாலரை கிலோ, நைட்ரஜன் ஏறக்குறைய 280 கிராம். விகிதம் 16-க்கு 1. தனியாக விட்டால் நிச்சயம் நாறும்.

இதோடு 12 கிலோ காய்ந்த வேப்பஞ்சருகோ புங்கஞ்சருகோ சேருங்கள். அதிலிருந்து சுமார் 4.9 கிலோ கார்பனும் 100 கிராமுக்குச் சற்றுக் குறைவான நைட்ரஜனும் வருகின்றன. கூட்டினால் கார்பன் 9.4 கிலோ, நைட்ரஜன் 380 கிராம் சுமார். விகிதம் 25-க்கு 1. ஈரம் என்ன ஆகிறது? மொத்தம் 52 கிலோவில் தண்ணீர் 31 கிலோ, அதாவது 60 சதவீதம். இரண்டும் ஒரே சமயத்தில் சரியான இடத்தில் வந்து நிற்கின்றன. சருகு சும்மா நிரப்புவதற்கில்லை என்பது இதனால்தான்: கார்பன் கொடுக்கிறது, தண்ணீரை உறிஞ்சுகிறது, காற்றுக்கு இடைவெளியும் விடுகிறது.

12 கிலோ நொறுக்கிய சருகு என்றால் ஏறக்குறைய 100 லிட்டர் பிடிக்கும் ஒரு கோணிப்பை, நன்றாக அழுத்தி நிரப்பியது. ஆக, நாளைக்கு ஒரு கோணி. மனதில் வைத்துக்கொள்ள இதைவிட எளிதான அளவு கிடையாது.

சருகுக் கையிருப்பு

மழைக்காலத்தில் நாளைக்கு ஒன்றேகால் கோணி பிடிக்கும் என்பதால் மூன்று மாதத்துக்கு ஏறக்குறைய 112 கோணி. பயப்பட வேண்டாம். எட்டுக்கு எட்டு அடி அறையில் ஆறரை அடி உயரத்துக்கு அடுக்கினால் அடங்கிவிடும். மேலே ஒழுகாத கூரை, கீழே தரையிலிருந்து ஓரடி உயரத்தில் மரச்சட்டம் அல்லது பழைய பேலட். இந்த அறைக்கு ஒதுக்கும் பணத்தைத் தொட்டிக்கு ஒதுக்கும் பணத்துக்கு முன்னால் ஒதுக்குங்கள்.

சேர்ப்பது எப்போது? வேம்பும் புங்கனும் மாசி, பங்குனியில்தான் இலையைக் கொட்டும். தெருவில் பெருக்கிக் குவித்து வைத்திருப்பார்கள், பல இடங்களில் கொளுத்தியும் விடுவார்கள். தூய்மைப் பணியாளர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் அவர்களே கோணியில் கட்டி வைப்பார்கள். அவர்களுக்கும் வண்டிப் பாரம் குறையும். நாட்டுவாதுமை இலை பெரிசு, அப்படியே போட்டால் ஒன்றின் மேல் ஒன்று அப்பளம் மாதிரி ஒட்டிக்கொண்டு காற்றை அடைக்கும். மிதித்து நொறுக்கிப் போடுங்கள். சவுக்குச் சருகு மக்க நாளாகும், ஆனாலும் கலவைக்குள் காற்றுக்கு நல்ல இடைவெளி கொடுக்கும். பாதிக்கு மேல் போகாமல் கலந்தால் சரி.

கரும்புச் சாறு வண்டியில் மிச்சமாகும் சக்கை அருமையான சரக்கு. இரண்டு நாள் வெயிலில் காயவைத்துத் துண்டாக்குங்கள். முட்டை அட்டை, கிழித்த செய்தித்தாள், தச்சுப் பட்டறை மரத்தூள் எல்லாம் ஆகும். மரத்தூள் என்றால் வெறும் மரத்தின் தூள் மட்டும். பிளைவுட், எம்.டி.எஃப். (மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) அறுத்த தூளில் பசை இருக்கிறது, வேண்டாம். தென்னை நார்க்கழிவில் கார்பன் நைட்ரஜனைப் போல நூறு மடங்குக்கும் மேல், எனவே கொஞ்சம் போட்டாலே போதும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்த நாரிலிருந்து வந்ததா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்துக்கே உரிய எச்சரிக்கை ஒன்று: எண்ணூர் நெடுஞ்சாலை, மணலி விரைவுச் சாலை ஓரம் கரித்தூளும் கனரக லாரிப் புழுதியும் படிந்த சருகை விட்டுவிடுங்கள். அனல்மின் நிலையச் சாம்பல், நிலக்கரி அடுப்புச் சாம்பல் இரண்டுமே தொட்டிக்கு ஆகாது. "சாம்பல் உரம்தானே" என்று யாராவது கேட்பார்கள். விறகுச் சாம்பல் ஒரு கைப்பிடி வேறு, நிலக்கரிச் சாம்பல் வேறு. பின்னதில் கன உலோகங்கள் இருக்கும்.

காலண்டர் இப்படிப் போட்டால் எல்லாம் ஒத்துவரும்: மாசியில் சருகு சேர்க்கத் தொடங்கி, பங்குனியில் தொட்டி கட்டி, சித்திரை பிறந்ததும் முதல் கொட்டல். முதல் உரம் ஆடிப்பட்டத்துக்குக் கைக்கு வரும். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் வேலை செய்பவர்களுக்குக் கையும் பழகியிருக்கும். புரட்டாசியில் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீர்கள்.

தொட்டி

60 வீட்டுக்கு மூன்று தொட்டி. ஒவ்வொன்றும் உள்ளளவு நாலுக்கு நாலு அடி, உயரமும் நாலடி. ஒன்றை ஒட்டி ஒன்றாகக் கட்டினால் இடைச்சுவர் மிச்சம். முதல் தொட்டியைப் பத்து நாள் நிரப்ப வேண்டும், அப்புறம் இரண்டாவது, அப்புறம் மூன்றாவது. மூன்றாவது நிரம்பும்போது முதல் தொட்டிக்கு இருபது நாள் ஓய்வு கிடைத்திருக்கும், அதைக் காலி செய்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம். தினமும் கலந்து போடுவது 140, 150 லிட்டர் வந்தாலும், அடியில் இருப்பது வேகமாக அமுங்கிக்கொண்டே போகும். அதனால் பத்து நாளில் தொட்டி முக்கால் அளவைத் தாண்டாது.

முதலில் மேடை. 2015 வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் உங்கள் தெருவில் தண்ணீர் எதுவரை வந்தது என்று பழைய ஆட்களைக் கேட்டால் சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள். அந்தக் கோட்டுக்கு ஓரடி மேலே மேடை இருக்க வேண்டும். மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர்ப் பக்கம் எண்ணெய்க் கசிவும் சேர்ந்து வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்தத் தண்ணீர் ஒருமுறை தொட்டிக்குள் புகுந்தால் உள்ளே இருப்பதைச் செடிக்குப் போட முடியாது.

தரை கான்கிரீட். முன்பக்கம் சாய்வாக, அடிக்குக் கால் அங்குலம். முன்கோடியில் ஒரு குழாய் வைத்து, கசியும் சாறு கேனில் விழும்படி செய்யுங்கள். மேடையைச் சுற்றி ஒன்றரை அடி ஆழத்துக்கு அஸ்திவாரச் சுவர் இறக்கினால் பெருச்சாளி அடியில் குடைந்து வராது. சுவருக்கு ஆறு அங்குல ஹாலோ பிளாக் நல்லது. அதன் வெற்றிடம் சூட்டை வெளியே விடாது. முன்பக்கம் மட்டும் பள்ளத்தில் செருகும் பலகைகள், மண்வெட்டி விட்டு அள்ளுவதற்கு வசதியாக. மூடிக்கு இரும்புத் தகடு வேண்டாம். உப்புக் காற்றில் அரித்து ஓட்டை விழுந்துவிடும். எஃப்.ஆர்.பி. (கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக்) ஷீட்டும் ஸ்டெயின்லெஸ் கீலும் போடுங்கள். எல்லா இடைவெளியும் கால் அங்குலத்துக்குள் இருக்கட்டும், அதற்கு மேல் உள்ள இடத்தில் கம்பி வலை அடியுங்கள்.

காற்றுக்கு, தரையில் நாலு அங்குல பி.வி.சி. குழாய் இரண்டு. அரை அடிக்கு ஒன்றாக அரை அங்குல ஓட்டை, ஓட்டைகள் கீழ்ப்பக்கம் பார்த்தபடி. குழாயின் மேல் அரையடி கனத்துக்குச் சுள்ளி, தென்னை மட்டைத் துண்டு. வெளியே குழாய்க்குள் காற்றை ஊதும் ஒரு சின்ன புளோயரும், அதை இயக்கி நிறுத்த ஒரு டைமரும். அரை மணிக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் என்று தொடங்கி, சூட்டைப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். கரண்ட் போனால் குழாயின் வெளிமுனையைத் திறந்துவிட்டால் போதும், உள்ளே இருக்கும் சூடே கொஞ்சம் காற்றை இழுத்துக்கொள்ளும். வெளிமுனையில் வலை இருக்க வேண்டும், இல்லையென்றால் அதுவே எலிக்கு வாசல்.

வெளியேறும் காற்றை ஒரு 200 லிட்டர் டிரம்முக்குள் விடுங்கள். உள்ளே மரச்சில்லும் பழைய உரமும் பாதிப் பாதி கலந்து, எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். நாற்றத்தை அதில் உள்ள நுண்ணுயிர்கள் தின்றுவிடும். காய்ந்துபோனால் வேலை செய்யாது. எனவே வெயில் காலத்தில் தினம் ஒரு வாளி தண்ணீர் தெளியுங்கள்.

டிரம் பற்றி ஒரு வார்த்தை. மணலிப் பக்கத்துப் பழைய சாமான் கடைகளில் நீல டிரம்மும் கூண்டு போட்ட ஆயிரம் லிட்டர் வெள்ளை டேங்கும் மலிவாகக் கிடைக்கும். உணவுப்பொருள் வந்த டிரம் என்று லேபிளைப் பார்த்து உறுதி செய்யாமல் வாங்காதீர்கள். கழுவிவிட்டோம் என்று கடைக்காரர் சொல்வது பத்தாது. ஆறேழு வீடு மட்டும் சேர்ந்து செய்வதானால் சுழலும் 200 லிட்டர் டிரம் இரண்டு போதும். அவ்வளவு சின்ன அளவில் சூடு நன்றாக ஏறாது என்பதால் மக்குவதற்கு நாள் கூடப் பிடிக்கும். 60 வீட்டுக்குப் பெரிய டிரம் செய்து கையால் சுற்ற நினைக்காதீர்கள். நிரம்பிய பிறகு நானூறு கிலோவை யார் சுற்றுவது?

இடம் தேர்ந்தெடுக்கும்போது காற்றைப் பாருங்கள். வெயில் நாட்களில் மதியத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கிலிருந்து அடிக்கும். தொட்டிக்கு நேர் மேற்கே யாருடைய ஜன்னலும் வராமல் பார்த்துக்கொண்டால் பாதிப் பஞ்சாயத்து குறையும்.

24 மணி நேர மெஷின்

சூடாக்கிக் கிளறி ஒரே நாளில் உரம் தருவதாகச் சொல்லும் மின்சார இயந்திரங்கள் விற்கிறார்கள். ஒரே நாளில் நடப்பது உலர்த்தல்தான். வெளியே வருவது பொடியாக்கிய காய்ந்த சோறு. சோதிக்க வழி இருக்கிறது: அதில் ஒரு டம்ளர் எடுத்து, தண்ணீர் தெளித்து, காற்றுப் புகாத கவரில் மூன்று நாள் கட்டி வையுங்கள். திறந்ததும் புளித்த நாற்றம் அடித்தால் அது உரம் இல்லை. செடிக்குப் போட்டால் வேர் வெந்துபோகும். இயந்திரம் ஏற்கனவே இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். அதில் வருவதை இந்தத் தொட்டிக்குள் சருகோடும் தண்ணீரோடும் சேர்த்துப் போடலாம்.

எது போகலாம்

காய்கறித் தோல், பழத்தோல், மிஞ்சிய சோறு, டீக்கடைத் தூள் சக்கை, முட்டை ஓடு, வாழை இலை, பூ எல்லாம் போகலாம். கதம்பத்தில் நாரும் ஜிகினாவும் இருந்தால் பிரித்து எடுங்கள். வாழைத்தண்டையும் பூசணியையும் கைப்பிடி அளவுக்கு வெட்டிப் போடுங்கள். ஆயுத பூஜைக்கு மறுநாள் உடைத்த பூசணியும் வாழைக்கன்றும் ஒரே நேரத்தில் வந்து குவியும். அன்றைக்கு இரண்டு கோணி சருகு எடுத்து வையுங்கள்.

இளநீர்க் கூடும் தேங்காய் மட்டையும் முழுசாகப் போகக்கூடாது, துண்டாக்கும் இயந்திரம் இருந்தால் ஆகும். டயப்பர், நாப்கின், பிளாஸ்டிக், மருந்து, ஊற்றுகிற அளவு எண்ணெய், தெருக்கூட்டிய மண் எதுவும் கூடாது. ஊறுகாய், கருவாட்டுக் கழிவு வேண்டாம். உப்பு எங்கேயும் போகாது, உரத்திலேயே தங்கிவிடும். நம் பக்கத்துத் தண்ணீரிலும் மண்ணிலும் ஏற்கனவே உப்பு இருக்கிறது.

மீன் கழிவு இல்லாமல் காசிமேட்டில் வாழ முடியாது, எனவே தடை போட்டுப் பயனில்லை. அளவு வையுங்கள். 40 கிலோவில் மூன்று, நாலு கிலோவுக்கு மேல் மீன் குடலும் செதிலும் வேண்டாம். மீனில் நைட்ரஜன் மிக அதிகம் என்பதால் ஒவ்வொரு கிலோவுக்கும் இரண்டரை முதல் மூன்று கிலோ சருகு கூடுதலாகச் சேருங்கள். குவியலின் நடுவில் குழி பறித்துப் புதையுங்கள், ஓரத்தில் போடாதீர்கள். இறால் ஓடு நல்லது, மெல்ல மக்கும். மீன் வெட்டுகிற அக்காக்கள் வாளி வாளியாகக் கொடுக்க வந்தால், "அக்கா, வீட்டுக் கழிவுக்குத்தான் இது, கடைக் கழிவுக்கு இடம் பத்தாது" என்று முதல் நாளே சொல்லிவிடுவது உத்தமம்.

தினசரி வேலை

காலையில் ஒரே நேரத்தில் சேகரியுங்கள். நேற்றைய குப்பை கவரில் கட்டியபடி கிடந்து வந்தால் தொட்டிக்கு வருமுன்பே புளித்திருக்கும். கவரே வேண்டாம், மூடி போட்ட வாளி. பெரிய துண்டுகளை இரண்டு அங்குலத்துக்குள் வெட்டி, தரையில் பரப்பிப் பிளாஸ்டிக் பொறுக்கிவிட்டு, கோணிச் சருகில் முக்கால்வாசியை அங்கேயே நன்றாகக் கலந்து, தொட்டியில் கொட்டுங்கள். மிச்சக் கால்வாசி சருகை மேலே போர்வையாகப் பரப்புங்கள். உணவுக் கழிவு கண்ணுக்கே தெரியக் கூடாது. அதன் மேல் ஒரு ஈரக் கோணி விரித்து மூடுங்கள். மூடியின் உட்புறம் ஆவி படிந்து சொட்டுவதைக் கோணி வாங்கிக்கொள்ளும்.

கலக்கும்போது ஒரு கை அள்ளி இறுகப் பிழிந்து பாருங்கள், கையுறை போட்டுக்கொண்டுதான். விரல் இடுக்கில் ஈரம் மினுமினுத்து ஒன்றிரண்டு சொட்டு எட்டிப் பார்த்து, கையை விரித்தால் உருண்டை உருண்டையாகவே நின்றால் சரியான பதம். ஒழுகினால் சருகு போதவில்லை. விரித்ததும் உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள், கேனில் பிடித்த சாறே அதற்கு நல்லது. அந்தச் சாற்றைக் கால்வாயிலோ மழைநீர் வடிகாலிலோ ஊற்றாதீர்கள். ஆறவைக்கும் உரத்தின் மேலும் ஊற்ற வேண்டாம். சூடு ஏறாத புதுக்குவியலில் மட்டும் தெளியுங்கள்.

முதல் தடவை மட்டும் ஒரு கூடை மாட்டுச்சாணமோ மக்கிய உரமோ சேருங்கள். பிறகு சல்லடையில் தேங்கும் கப்பியே வித்தாகிவிடும். பாட்டிலில் விற்கும் நுண்ணுயிர்க் கல்ச்சர் எதுவும் தேவையில்லை.

இதைச் செய்பவருக்கு நாளைக்கு இரண்டு மணி நேர வேலை இருக்கிறது. ஏற்கனவே மாடிப்படி கூட்டும் அம்மாவின் தலையில் சம்பளம் கூட்டாமல் இதையும் கட்டிவிடுவது நடைமுறையில் ரொம்ப சகஜம். அப்படி ஆரம்பித்த இடங்களில் தரம் பிரிப்பதும் நின்றுபோகும், உரமும் நின்றுபோகும். தனிச் சம்பளம், கையுறை, முகக்கவசம், பூட்ஸ், டெட்டனஸ் ஊசி. மூடி திறக்கும்போது வரும் முதல் ஆவியை மூச்சில் இழுக்காமல் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

சூடு

கலவை சரியாக இருந்தால் இரண்டாம் மூன்றாம் நாளிலேயே நடுப்பகுதி 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும். இரண்டடி நீளக் கம்பி வைத்த டயல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். மூடிய தொட்டியில் 55 டிகிரிக்குக் குறையாமல் தொடர்ந்து மூன்று நாள் இருந்தால் நோய்க்கிருமிகள் ஒழியும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வைத்திருக்கும் அளவு. ஐரோப்பிய ஒன்றியம் இறைச்சி, மீன் கலந்த கழிவுக்கு இன்னும் கறார்: 12 மில்லிமீட்டர் துண்டுகளாக்கி 70 டிகிரியில் ஒரு மணி நேரம். நமக்கு முதல் அளவே போதும். ஆனால் தொட்டியை நிரப்பி முடித்த பிறகு அந்த மூன்று நாளை எண்ணுங்கள். நிரப்பும்போதே எண்ணினால் கடைசியாகப் போட்டதற்குச் சூடு கிடைத்திருக்காது. ஓரத்தில் இருப்பது நடுவுக்கு வரும்படி ஒருமுறை புரட்டிவிட்டு மறுபடி மூன்று நாள் பார்ப்பது இன்னும் நல்லது.

65 டிகிரியைத் தாண்டினால் வேலை செய்யும் நுண்ணுயிர்களே சாக ஆரம்பிக்கும். புளோயரைக் கூட்டுங்கள். மேலே சாம்பல் பூசியது மாதிரி வெண்மை படர்ந்திருந்தால் பயப்பட வேண்டாம், ஆக்டினோமைசீட்ஸ் என்ற நுண்ணுயிர்தான் அது. ஆனால் உள்ளே காய்ந்துபோகிறது என்பதற்கும் அது அடையாளம். சித்திரை, வைகாசியில் புளோயர் ஓடும் தொட்டி நினைப்பதைவிட வேகமாகக் காயும்.

சூடே ஏறவில்லையா? பிழிந்து பாருங்கள். ஈரம் சரியென்றால் சருகு அதிகமாகிவிட்டது, பச்சைக் கழிவைக் கூட்டுங்கள்.

மூக்கு சொல்லும் கணக்கு

அம்மோனியா நெடி கண்ணை எரித்தால் நைட்ரஜன் அதிகம், பெரும்பாலும் மீன். சருகு சேர்த்துக் கிளறுங்கள். அழுகிய முட்டை நாற்றம் என்றால் காற்று இல்லை: ஈரம் கூடிவிட்டது, அல்லது குழாய் ஓட்டை அடைத்துக்கொண்டது. வெளியே அள்ளி, காய்ந்த சருகு கலந்து மறுபடி போடுவதைத் தவிர வழி கிடையாது. புளித்த மாவு வாடை முதல் இரண்டு நாளில் வந்து போவது வழக்கம். ஒரு வாரம் நீடித்தால் காற்றைக் கூட்டுங்கள். வாசனைத் திரவியமும் பினாயிலும் தெளிப்பது வேலைக்காகாது. பினாயில் நுண்ணுயிர்களைத்தான் கொல்லும்.

ஈ மொய்த்தால் மேல் போர்வை போதவில்லை என்று அர்த்தம். தடித்த, பழுப்பு நிற, தட்டையான புழுக்கள் தெரிந்தால் அவை கறுப்புப் படைவீரன் ஈயின் புழுக்கள். நமக்குத் தீங்கில்லை, கழிவை வேகமாகத் தின்னும். சூடு ஏறினால் அவையே ஓரத்துக்கு ஓடிவிடும். மேற்பரப்பை மட்டும் பார்த்துப் பதறிப் பூச்சிமருந்து அடிக்காதீர்கள்.

மழைக்காலத்தில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் சருகை ஒன்றேகால் கோணியாக்குங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் மூடியைக் கயிறு போட்டுக் கட்டி, சாற்றுக் கேனைக் காலி செய்து, குழாயை அடைத்துவிடுங்கள். இரண்டு மூன்று நாள் புதுக் கழிவு எதுவும் போடாவிட்டாலும் தொட்டிக்கு ஒன்றும் ஆகாது.

ஆறவிட்டுச் சோதியுங்கள்

தொட்டியிலிருந்து வருவது முடிந்த உரம் அல்ல. கூரைக்கு அடியில் மூன்றடி உயரத்துக்கு மேல் போகாமல் குவித்து, வாரம் ஒருமுறை புரட்டி, 30 முதல் 45 நாள் ஆறவிடுங்கள். புரட்டிய மறுநாள் சூடு மீண்டும் ஏறினால் இன்னும் ஆகவில்லை. ஏறாவிட்டால் மணல் சலிக்கும் சல்லடையில் சலியுங்கள். 52 கிலோ போட்ட இடத்தில் ஏறக்குறைய 15 கிலோ கிடைக்கும்.

கவரில் மூன்று நாள் கட்டி வைக்கும் சோதனையை இதற்கும் செய்யுங்கள். அடுத்தது வெந்தயச் சோதனை. ஒரு பங்கு உரம், மூன்று பங்கு மண் கலந்த தொட்டியில் 20 வெந்தயம், வெறும் மண்ணில் 20 வெந்தயம். ஐந்தாம் நாள் எண்ணிப் பாருங்கள். உரத் தொட்டியில் முளைத்தது வெறும் மண்ணில் முளைத்ததைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் இன்னும் இரண்டு வாரம் ஆறவிடுங்கள்.

வருஷத்துக்கு ஒருமுறை மண் பரிசோதனை நிலையத்தில் இ.சி. (உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத் திறன்) பாருங்கள். நகரக் கழிவு உரத்துக்கு 1985-ம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணை வைத்த அளவு மீட்டருக்கு 4 டெசி சீமென்ஸுக்கு மிகாமல், பி.எச். (அமில காரத் தன்மை) 6.5 முதல் 7.5, கார்பன் நைட்ரஜன் விகிதம் 20-க்குக் கீழே. பை போட்டு விற்பதானால் அந்த ஆணையின் விதிகள் பொருந்தும். வீடுகளுக்குள் பங்கிட்டுக்கொள்வதே தொல்லை இல்லாத வழி.

நாளைக்கு 15 கிலோ என்றால் வருஷத்துக்கு ஐந்து டன்னுக்கு மேல். மாடித்தோட்டங்கள் இவ்வளவையும் தின்னாது, எனவே எங்கே போகும் என்பதை முன்கூட்டியே பேசி வையுங்கள். தென்னைக்கு ஆண்டுக்கு 50 கிலோ போடலாம், ஆக இது நூறு மரத்துக்கு ஆகும். தண்டில் இருந்து நாலைந்து அடி தள்ளி வட்டமாகக் கொத்திப் போட்டு, மண் மூட வேண்டும். தொட்டிச் செடிக்கு நாலில் ஒரு பங்கு. கீரைப் பாத்தியில் சதுர அடிக்கு ஒரு கைப்பிடி, விதைப்பதற்கு ஒரு வாரம் முன்பே கலந்துவிடுங்கள். எண்ணூர், காட்டுப்பள்ளி மணலில் ஊற்றும் தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும் என்பதால் அங்கே அளவை இரண்டு மடங்காக்கி, மேலே இரண்டு அங்குலச் சருகும் போடுங்கள்.